நூற்றுப் பதினேழாம் விதி

நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். எடை பார்த்த சீட்டு இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் குமட்டுகிறது.

ஒரு பெரிய மருத்துவமனையின் கணினிப் பிரிவில் எனக்கு வேலை. அங்கே மலையாகக் குவிந்திருக்கும் பதிவுகளில் எது தப்பு என்று கண்டுபிடிக்க ஒரு மென்பொருள் வைத்திருந்தோம். நாம் எதையும் சொல்லித்தர வேண்டாம். பழைய பதிவுகளை மேய்ந்து, 'இறந்த தேதி பிறந்த தேதிக்கு முன்னால் வராது' என்பது மாதிரி விதிகளை அதுவே கண்டுபிடிக்கும். விதியை மீறும் பதிவைச் சந்தேகப்பட வேண்டும், அவ்வளவுதான். சில சமயம் சம்பந்தமே இல்லாத இரண்டு பட்டியல்களை முடிச்சுப் போட்டு உளறும். அதையெல்லாம் படிக்காமலேயே தள்ளிவிடுவது எங்கள் வழக்கம்.

அன்று காலை என் சித்தப்பா அதே மருத்துவமனையில் இறந்துபோனார். வெளிநாட்டில் இருக்கும் அவர் மகள் மறுநாள்தான் வர முடியும். அதுவரை அவருக்குப் பிணவறையில் ஒன்பதாம் குளிர்பெட்டி. நீ வரும்வரை அப்பாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளுக்குப் போனில் வாக்குக் கொடுத்திருந்தேன்.

மாலை 4:05. மென்பொருள் பிணவறைப் பதிவுகளை முடித்திருந்தது.

விதி 116: ஒன்பதாம் பெட்டியிலிருந்து வெளியே வரும் உடலின் எடை, உள்ளே போன எடையைவிட எப்போதும் குறைவு.

விதி 117, பிணவறைப் பட்டியலையும் ஊழியர்களின் உடல் பரிசோதனைப் பட்டியலையும் முடிச்சுப் போட்டிருந்தது. வழக்கமான உளறல். தள்ளிவிட்டேன்.

116 உறுத்தியது. எலியாக இருக்குமோ? நினைக்கவே அருவருப்பாக இருந்தது. கீழே ஓடினேன்.

பிணவறை ஊழியர் தொப்பை தள்ளிய மனிதர். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, ஒன்பதைத் திறங்க. சித்தப்பாவை வேற பெட்டிக்கு மாத்தணும்."

"உள்ள வைக்கச் சொல்லுங்க, வைக்கறேன். ஆள் உள்ள இருக்கும்போது நான் திறக்க மாட்டேன். எடுக்க வர்றவங்கதான் திறந்துக்கணும்."

"ஏன்?"

"ஒரு தடவை திறந்தேன். போதும் சார்."

பதிவேட்டில் 'திறந்தவர்' என்ற இடத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். மணி 4:22.

கைப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளே... சப்... சப்... யாரோ எலும்பை உறிஞ்சுவது மாதிரி.

இழுத்தேன். சத்தம் நின்றது.

எலி இல்லை. காயமும் இல்லை. சித்தப்பாவின் கன்னங்கள் மட்டும் ஒட்டிப்போயிருந்தன. போர்த்திய துணி முழுக்க எச்சில்...

என் வாயோரம் ஈரம். துடைத்தேன். கொழகொழவென்று வந்தது.

மூன்றாம் பெட்டிக்கு மாற்றும்போது எடை பார்த்தோம். 58.3 கிலோ. காலையில் 61.5.

வாந்தியெடுக்க ஓடினேன். எதுவும் வரவில்லை. வயிறு மட்டும் கனத்தது. காலையிலிருந்து ஒரு காபிதான் குடித்திருந்தேன்.

வீட்டில் மனைவி தட்டு வைத்தாள்.

"பசிக்கல."

மறுநாள் காலை பேன்ட் பொத்தானைப் போட முடியவில்லை.

8:10. மருத்துவமனை எடை மேடையில் ஏறினேன். சீட்டு வந்தது. 77.2. போன வாரப் பரிசோதனையில் 74.

மேலே ஓடி, தள்ளிவிட்ட 117-ஐத் தேடியெடுத்துப் படித்தேன்.

'ஒன்பதாம் பெட்டியில் குறையும் எடை, உடல் உள்ளே இருக்கும்போது அதைத் திறந்த ஊழியரின் கூடிய எடைக்குச் சமம். விதிவிலக்கு: இல்லை.'

9:40-க்குத் தங்கச்சி வந்துவிட்டாள். சித்தப்பாவின் முகத்துணியை விலக்கினாள்.

"அப்பா இப்படி இளைச்சிட்டாரே... நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே அண்ணா!"

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எனக்கு ஏப்பம் வந்தது.