மூன்றாவது தடவை எடுத்த பூ

தென்னூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பேத்தியின் சிநேகிதப் பிள்ளைகள் வந்து வட்டமாக உட்கார்ந்துவிடும். ஒரு கதை விளையாட்டு. பேத்தி கதையை நடத்துவாள், மற்றதுகள் கதைக்குள்ளே ஆட்களாக இருக்கும். நினைத்த காரியம் நடக்குமா என்று பார்க்க, பல முகம் வைத்த கட்டையை உருட்டுவார்கள். முட்டிவலியோடு கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன வாரம் ஒரு பையன் கட்டையைக் கையில் எடுத்தான். "பூட்டாத கதவைத் திறக்க எதுக்குடா உருட்டுற? சும்மா திற" என்றாள் பேத்தி. "எது விழுந்தாலும் ஏத்துக்குறதா இருந்தாதான் உருட்டணும்." பிறகு வேறொரு இடத்தில் அவன் உருட்டித் தோற்று, இன்னொரு தடவை என்று கெஞ்சினான். "விழுந்தது விழுந்ததுதான், போடா" என்றுவிட்டாள்.

எங்கள் வீட்டில் இப்படிச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் இருந்தோம். அப்பா வாழை இலை அறுத்து காந்தி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். நான் மூணாங்கிளாஸ் முடித்திருந்தேன். வகுப்பில் நான்தான் முதல். இதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?

"இன்னும் ரெண்டு வருஷம் பள்ளிக்கூடம் போகட்டுங்க" என்றாள் அம்மா.

"நீ இலை அறுக்கப் போயிட்டா கைப்பிள்ளைய யாரு பாக்குறது? நானா?" என்றாள் அத்தை, அப்பாவின் அக்கா.

வேண்டாம் என்று தன் வாயால் சொல்ல அப்பாவுக்கு மனசில்லை. "நாம யாரு சொல்ல? பூக்கட்டிக் கேப்போம்" என்றார்.

தெருக்கோடி மாரியம்மன் முன்னால் இரண்டு இலைப் பொட்டலம் வைத்தார்கள். சிவப்பு அரளி வந்தால் பள்ளிக்கூடம், வெள்ளை வந்தால் வீடு. சின்னப் பிள்ளை கைதான் எடுக்க வேண்டும் என்று என்னையே எடுக்கச் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிரித்தால் சிவப்பு.

"கண்ணைத் தொறந்துகிட்டு எடுத்துட்டா, செல்லாது" என்றாள் அத்தை. பொட்டலங்களை மாற்றி வைத்துவிட்டு, என் கண்ணைக் கையால் பொத்தினாள். மறுபடியும் சிவப்பு. அப்பா தலையைச் சொறிந்தார். "மூணு தரம் பாக்குறதுதான் முறை" என்றார்.

மூன்றாவதில் வெள்ளை வந்தது. அப்பா உடனே சூடம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்ப இன்னொரு தரமும் பாத்துடலாமே" என்றாள் அம்மா, மெல்ல.

"சாமியைச் சோதிக்கக் கூடாதுடி" என்றார் அப்பா.

என் கைதான் தப்புப் பண்ணிவிட்டது என்று அந்தக் கையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்தவள் இறக்கவேயில்லை.

அவனுக்கு அஞ்சு வயசு ஆனது. பள்ளிக்கூடம் போக அப்பா புதுச் சட்டை வாங்கிவந்தார். அம்மா அவனுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது கேட்டேன்: "தம்பிக்கு எப்பம்மா பூக்கட்டிக் கேக்கப் போறோம்?"

சீப்பு நடுத்தலையில் நின்றது. "போய் அடுப்பைப் பாரு" என்றாள்.

போய்ப் பார்த்தேன். அடுப்பு அணைந்து சில்லென்று கிடந்தது. அம்மாவுக்கு ஞாபகமறதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.