ஃபெலிசிடேட் செய்வது எப்படி

ஷூ கம்பெனியின் பர்சனல் ஆபீஸில் பாதி வேலை ஆள் எடுப்பது, மீதி வேலை மேடை போடுவது. வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, அதுவும் ஆங்கிலத்தில் வாங்கி வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். ஆபீஸில் எந்த இங்கிலீஷ் வார்த்தைக்கும் நாம்தான் பொறுப்பு. ஆம்பூரில் நான் அப்போது டிரெய்னி. ஆண்டு விழாவை ஒழுங்காக நடத்தினால் பர்மனென்ட், சொதப்பினால் வீட்டுக்கு என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

அகராதியும் மேனேஜரும்

அவர் கொடுத்த நிகழ்ச்சி நிரலின் முதல் வரியிலேயே 'ஃபெலிசிடேட்' இருந்தது. கல்லூரியில் அந்தச் சொல்லை நான் பார்த்ததில்லை. பயந்துபோய் செல்போனில் தேடினேன். வாழ்த்துதல் என்று போட்டிருந்தது. அப்படியானால் மைக்கில் வாழ்த்துச் சொன்னால் போதுமா? மேடையில் முழிப்பதைவிட இப்போதே கேட்டு அசடு வழிவது மேல் என்று அவரிடமே போனேன். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "வாழ்த்துறதுக்கு வாய் போதும்மா. ஃபெலிசிடேட்னா சால்வை வேணும்."

லண்டன்காரர்

எங்களிடம் ஷூ வாங்கும் லண்டன்காரர் ஒருவரும் விழாவுக்கு வருவதாக இருந்தது. விழாவன்று மாலை உங்களை ஃபெலிசிடேட் செய்ய விரும்புகிறோம் என்று மெயில் அனுப்பினேன். பதில் வரும்வரை சோறு இறங்கவில்லை. வந்த பிறகு சுத்தமாக இறங்கவில்லை. அவர் ஊரில் யாரும் அந்தச் சொல்லைப் பேச்சில் சொல்வதில்லையாம். என்னை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தார். மேடையில் உட்காரவைத்து ஒரு துணி போர்த்துவோம், மாலை போடுவோம், போட்டோ எடுப்போம், வேறொன்றும் இல்லை என்று விளக்கி எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "வலிக்காது என்றால் சரி."

ஸ்டிச்சிங் செக்‌ஷன் அமுதா

விழா நாள். லண்டன்காரருக்குச் சால்வை போர்த்தியாயிற்று. அடுத்து, சிறந்த தொழிலாளி ஸ்டிச்சிங் செக்‌ஷன் அமுதா அக்கா. இந்தப் பரிசு எங்கள் கம்பெனிக்கே புதிது. மைக்கில் பேரைக் கூப்பிட்டேன். வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். முதலாளி சால்வையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். மேனேஜர் பார்த்த பார்வையிலேயே என் பர்மனென்ட் ஆர்டர் கிழிந்தது. மைக்கை வைத்துவிட்டு ஓடினேன்.

அக்கா தன் மெஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட இருந்த பெண்கள் எனக்கு முகம் கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வந்தது. எங்கள் கம்பெனியில் இதுவரை சால்வை வாங்கியவர்கள் எல்லாரும் ரிடையர் ஆனவர்கள். சால்வை விழுந்த மறுநாள் அவர்களுக்கு கேட் திறந்ததில்லை. "நான் இன்னா மேடம் தப்பு பண்ணேன்? எனக்கு இன்னும் வயசிருக்கு. பொண்ணு படிச்சிட்டிருக்கா" என்றார். இது பரிசு என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. ஒரு டிரெய்னியின் பேச்சை நானே நம்பியிருக்க மாட்டேன். முதலாளியிடமே கேட்டுவிடுங்கள் அக்கா என்று கையைப் பிடித்து அழைத்துவந்தேன். பின்னாலேயே அந்தப் பெண்களும் வந்தார்கள்.

கேட்டேவிட்டார். சால்வை தோளில் படும் முன்பே ஒதுங்கி நின்று, மைக்குக்கு எதிரிலேயே, "நாளைக்கு நான் வேலைக்கு வரலாமா சார்?" ஸ்டிச்சிங் பெண்கள் முதலாளியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வராவிட்டால்தான் சம்பளம் பிடிப்பேன் என்று அவர் சிரித்த பிறகுதான் அக்கா தோளைக் காட்டினார், கைதட்டலும் வந்தது. மேடையை விட்டு இறங்கும்போது மேனேஜர் பக்கத்தில் வந்து சொன்னார்: "முதலாளி சிரிச்சிட்டாரு, நீ பொழைச்சே. திங்கக்கிழமை வந்து ஆர்டர் வாங்கிக்கோ."

அதற்குப் பிறகு நான் தயார் செய்யும் ஒவ்வொரு விழா அழைப்பிதழிலும், ஃபெலிசிடேட் என்ற சொல்லுக்குக் கீழே, 'மறுநாள் வழக்கம்போல் வேலை உண்டு' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.