எழுதாதவர்களின் எண்ணிக்கை

மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் எங்கள் கம்பெனி கேன்டீனில் எனக்கு மவுசு கூடிவிடும். மண்ணூர்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனி அது. நான் அங்கே தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். மாவட்டத்திலுள்ள பள்ளிகளின் தேர்ச்சிப் பட்டியல் யார் மூலமாகவாவது வாட்ஸ்அப்பில் வந்து சேரும். பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக இருக்கும். "அக்கா, நம்ம ஏரியா ஸ்கூலு இன்னா எடுத்துகீது பாரு" என்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தபடியே ஆளாளுக்கு போனை நீட்டுவார்கள். நான் பெருவிரலால் பட்டியலைத் தள்ளி நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போய் விழுக்காட்டைப் படித்துச் சொல்வேன். நூறு என்றால் நல்ல பள்ளி. அதற்குக் கீழே இறங்க இறங்க என் உதடு பிதுங்கும். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. எண்களோடு தினம் எட்டு மணி நேரம் குப்பை கொட்டுகிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். அவர்களைவிட அதிகமாக நான் நம்பினேன்.

பருத்திப்பட்டில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருப்பவள் அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறாள். காலையில் இரண்டு பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் போவோம். அவள் கணவர் லோடு வேன் ஓட்டுகிறார். அவர்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் பத்தாவது தேர்வு எழுதியவர்கள் யாரும் இல்லை. ஒரே மகள். அந்தப் பெண் ஐந்தாவது வரை அரசுப் பள்ளியில் ஒழுங்காகத்தான் படித்துக்கொண்டிருந்தாள். பட்டியலைக் காட்டி, வருஷா வருஷம் நூறு எடுக்கிறார்கள் என்று சொல்லி, என் மகள் படித்த தனியார் பள்ளியில் சேர்க்க வைத்தது நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் போய்ச் சொன்னேன்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், ஏப்ரல் கடைசியில், ஒரு சாயங்காலம் அவள் மாடிக்கு வந்தாள். மகளும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டாள். அப்போது ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு முடிந்திருந்தது.

"டீச்சர் கூப்ட்டு வுட்டாங்க அக்கா. பாப்பா கணக்குல வீக்கா கீதாம். பத்தாவதுலாம் இவளால முடியாதாம். நாமளே டிசி வாங்கிகினா ஒம்பதாவது பாஸுன்னு போட்டுத் தருவாங்களாம். இல்லாங்காட்டி பெயில் பண்ணிடுவாங்களாம். லெட்டர் ஒண்ணு கேக்குறாங்க. உன் கையெழுத்து நல்லா கீதே, எழுதிக் குடு."

பாஸ் என்கிறார்களே, வேறு பள்ளி பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. வெள்ளைத் தாளை எடுத்து அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் எழுதிவிட்டேன். இதை மறைத்துவிட்டு என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. "என் மகளின் மாற்றுச் சான்றிதழை என் சொந்த விருப்பத்தின் பேரில்" என்பது வரை வந்த பிறகுதான் பேனா நின்றது. பள்ளியில் அந்த வார்த்தைகளை அப்படியே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"இது உன் விருப்பமா?" என்று கேட்டேன்.

"என் விருப்பத்த யாரு கேட்டாங்க" என்றாள் அவள்.

என் மகள் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்போடு வெளியே வந்தாள். "இதுல என்னம்மா இருக்கு? வருஷா வருஷம் நடக்கிறதுதானே. என் செட்லயும்தான் நிறைய பேரை அனுப்பினாங்க" என்றாள்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவளே பீரோவைத் திறந்து இரண்டு குரூப் போட்டோக்களை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒன்று ஒன்பதாவதில் எடுத்தது, இன்னொன்று பத்தாவதில் எடுத்தது. ஒன்பதாவது போட்டோவில் பிள்ளைகள் நான்கு வரிசையாக நின்றார்கள். பத்தாவது போட்டோவில் மூன்றே வரிசை. கடைசி வரிசை முழுசாகக்கூட இல்லை. என் மகள் ஒவ்வொரு முகமாக விரலை வைத்துக்கொண்டே போனாள். இவள் ஆவடியில் ஒரு கடையில் துணி மடிக்கிறாள். இவன் மெக்கானிக் ஷெட்டில் இருக்கிறான். இவளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. ஒருத்தி மட்டும் வேறு பள்ளியில் சேர்ந்து எழுதினாள். மற்றவர்களைப் பற்றி அவளுக்கும் தெரியவில்லை. அந்தப் பத்தாவது போட்டோவுக்குக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். வரிசை குறைந்திருப்பது என் கண்ணில் படவே இல்லை.

கம்பெனியில் இப்படி ஒரு தில்லுமுல்லு நடந்திருந்தால் நான் ஒரே நாளில் பிடித்திருப்பேன். ஆடிட்டர் வரும் நாளில் சில சூப்பர்வைசர்கள் பழுதான வாஷர்களை எண்ணிக்கைக்கு முன்பே மூட்டை கட்டி அப்புறப்படுத்திவிடுவார்கள். ரிஜெக்‌ஷன் பூஜ்யம் என்று ரிப்போர்ட் அழகாக இருக்கும். இதற்காக நான் எத்தனை பேரிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன் என்று எங்கள் பிரிவில் கேட்டால் தெரியும். அப்பேர்ப்பட்டவள் பள்ளிப் பட்டியலில் மட்டும் கடைசிக் கட்டத்தைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். போனை எடுத்துப் பழைய பட்டியலைத் திறந்தேன். தேர்வு எழுதியவர்கள் என்று ஒரு கட்டம், தேர்ச்சி பெற்றவர்கள் என்று ஒரு கட்டம், அப்புறம் விழுக்காடு. எழுத விடாமல் அனுப்பப்பட்டவர்களுக்கு அதில் கட்டமே கிடையாது. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. கடிதத்தை நான்காகக் கிழித்தேன்.

"இன்னா அக்கா, கிழிச்சிட்ட" என்றாள் கீழ்வீட்டுக்காரி.

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றேன்.

மறுநாள் இரண்டு பேரும் பர்மிஷன் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனோம். அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டோம். தலைமை ஆசிரியை எங்களை நிற்க வைக்கவில்லை, கத்தவும் இல்லை. உட்காரச் சொல்லி, பொறுமையாகத்தான் பேசினார். பிள்ளை கஷ்டப்படும், பத்தாவதில் தோற்றால் மனசு உடைந்துவிடும், அதற்குப் பாஸ் வாங்கிக்கொண்டு போவது நல்லதில்லையா என்றார். கேட்கக் கேட்க அதுவும் நியாயம்போலவே இருந்தது.

"மேடம், பாப்பாவோட கணக்குப் பேப்பரைக் காட்டுங்க" என்றேன்.

அதை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து விடைத்தாள் வந்தது. மதிப்பெண் குறைவுதான், ஆனால் பாஸ் மதிப்பெண்ணுக்கு மேலே இருந்தது. மேலே என்றால் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுக்காரியிடம் தாளைக் காட்டினேன். அவள் சிவப்பு மையில் வட்டமிட்ட எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ பாஸ்தானே மேடம். அப்புறம் எதுக்கு டிசி? அனுப்பறதா இருந்தா இந்தக் காரணத்துக்காக அனுப்பறோம்னு நீங்க எழுதிக் கொடுங்க. எங்க கம்பெனியில ஒரு வாஷரை ஒதுக்குறதுன்னாகூடக் காரணம் எழுதிச் சீட்டு கட்டணும்" என்றேன்.

அவர் முகம் மாறியது. கோபமில்லை, அலுப்பு. "நாங்களா ஆசைப்பட்டுச் செய்யறோம்? நூறு குறைஞ்சா அடுத்த வருஷம் அட்மிஷன் குறையும். பட்டியலைப் பார்த்துட்டு வேற ஸ்கூலுக்குப் போறது யாரு? நீங்கதானேம்மா?" என்றார்.

அது சுருக்கென்று தைத்தது. என்னை மனதில் வைத்து அவர் சொல்லவில்லை. என்னைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் என்னைத்தான் சொன்னார். "ஆமாம் மேடம், நான்தான். இந்தப் பொண்ணை இங்க சேர்க்கச் சொன்னதும் நான்தான். பட்டியலைத் தப்பா படிச்சேன். இனிமே சரியாப் படிக்கிறேன், நாலு பேருக்கும் சொல்லித் தர்றேன்" என்றேன்.

கீழ்வீட்டுக்காரி நாற்காலியை விட்டு எழுந்தாள். "மேடம், நான் கையெழுத்து போட மாட்டேன். எம்பொண்ணு இங்கதான் பத்தாவது எழுதுவா. பெயிலானா நான் பாத்துக்கிறேன்" என்றாள். மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். நான்தான் தலைமை ஆசிரியைக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினேன்.

வராந்தாவில் இன்னும் நான்கு அம்மாக்கள் அதே மாதிரித் துண்டுச் சீட்டோடு காத்திருந்தார்கள். ஒருத்தி மாங்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அவர்களை மரத்தடிக்குக் கூட்டிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் விடைத்தாளைக் கேளுங்கள், அப்புறம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அதுவரைக்கும் எதிலும் கையெழுத்து போடாதீர்கள் என்றேன். ஒருத்தி மட்டும் பயந்தாள். அவளோடு கீழ்வீட்டுக்காரியே திரும்ப உள்ளே போனாள். அன்றைக்கு ஒரு கடிதம்கூடப் பள்ளிக்குக் கிடைக்கவில்லை. அரை நாள் சம்பளம் போனது. போகட்டும் என்று இருந்தது.

ஐந்து பிள்ளைகளையும் பள்ளி பத்தாவதில் ஏற்றிக்கொண்டது. ஜூனில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்குக் கீழ்வீட்டுக்காரியோடு அந்த இரண்டு போட்டோக்களையும் எடுத்துப் போனேன். பள்ளியைத் திட்டுவதற்காக இல்லை. நான் படிக்கத் தெரியாமல் படித்ததை மற்றவர்களும் செய்யக் கூடாது என்பதற்காக. போட்டோக்கள் கை மாறிக் கை மாறிப் போயின. வரிசையை எண்ணுங்கள் என்று மட்டும் சொன்னேன். எண்ணி முடித்தவர்கள் என்னைப் பார்க்கவில்லை, மேடையைப் பார்த்தார்கள். கேன்டீனிலும் என் பாட்டு மாறிவிட்டது. யார் போனை நீட்டினாலும், போன வருஷம் ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று முதலில் விசாரித்துக்கொண்டு வரச் சொன்னேன். "அக்கா முன்னெல்லாம் டக்குனு சொல்லிடும், இப்ப நம்மள அலைய வுடுது" என்று கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகள் அந்தப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். பள்ளியிலும் ஒரு கணக்கு ஆசிரியர் மாலை வகுப்பு வைத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்குத்தான் பயம். தோற்றுவிட்டால் இந்தப் பிள்ளை என்னைத்தானே நினைத்து அழும் என்று தோன்றும். அப்போதெல்லாம் அந்த வராந்தாவில் நின்ற அம்மாக்களை நினைத்துக்கொள்வேன். பயம் போகாது. ஆனால் மனசு மாறாது.

முடிவு வந்தது. எல்லாப் பாடத்திலும் பாஸ், கணக்கில் மட்டும் போய்விட்டது. வராந்தாவில் நின்ற அம்மாக்களின் நான்கு பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். அன்றைக்கு நான் கீழே இறங்கவே இல்லை. கீழ்வீட்டுக்காரிதான் மேலே வந்தாள். "இன்னா அக்கா, எழவு ஊட்டு மாதிரி உக்காந்துகினு கீற. ஜூலையில மறுபடி எழுதப் போறா. எழுதவே வுடாம இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்போம்?" என்று சொல்லிவிட்டு, காபி போடச் சொன்னாள்.

அடுத்த வாரம் பட்டியல் வந்தது. அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் போனோடு என்னைத் தேடி வந்தாள். ஏரிக்கரைப் பக்கம் புது ஃபிளாட்டில் குடிவந்தவள், மகனை ஆறாவதில் சேர்க்க வேண்டுமாம். நான் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுப் பெண் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணு படிச்ச ஸ்கூல் ரொம்ப நல்லா இருக்கும்னு சொன்னாங்களே. இந்த வருஷம் நூறு வரலையே, தரம் இறங்கிடுச்சா?" என்று கேட்டாள்.

குழாயடியில் அந்தப் பெண் இருக்கிறாளே என்று தயங்கினேன். ஆனாலும் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று பட்டது.

"போன வருஷம் ஒன்பதாவதுல இருந்த அத்தனை பேரும் இந்த வருஷம் எழுதியிருக்காங்க. ஒருத்தரைக்கூட வெளியே அனுப்பலை. நான் இந்தப் பட்டியலை நம்பறது இதுதான் முதல் தடவை" என்றேன்.

"அப்போ பட்டியல்ல ஒருத்தர் மட்டும் பெயில்னு இருக்கே?" என்றாள்.

"அது நான்தான் ஆன்ட்டி" என்றாள் கீழ்வீட்டுப் பெண். "கணக்குல போச்சு. ஜூலையில எழுதுறேன்."

அந்தப் பெண் குழாயை மூடிவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள். வாசலிலிருந்து பார்த்தபோது, உள்ளே தரையில் கணக்கு நோட்டு அவளுக்காகத் திறந்தே கிடந்தது.