ஸுலைஹா கண்ட பிறை

உள்ளறையில் றங்குப்பெட்டியின் மூடி கிறீச்சிட்டது.

குசினியில் கஞ்சிக் கோப்பை கழுவிக்கொண்டிருந்த ஸுலைஹாவின் கை அப்படியே நின்றுவிட்டது. இருபத்தொன்பதாம் நோன்பு திறந்து, மஃரிபும் தொழுதாயிற்று. இனி ஊரே மேற்கு வானத்தை அண்ணாந்து பார்க்கும் நேரம். இந்த நேரத்தில் அவள் புருஷன் கலந்தர் பெட்டியைத் திறந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெருநாள் சாரனை எடுக்கிறான். பிறை தெரிந்து பள்ளிவாசலில் நகரா முரசு முழங்கியதும் அதை உடுத்துக்கொண்டு படியிறங்குவான். வேலிக்கு அப்பால் அவன் கூட்டாளி மசூரின் சீழ்க்கை கேட்கும். பிறகு தென்னந்தோப்புத் தவறணை, கள்ளு, பெருநாள் தொழுகைக்குக்கூட எழும்ப மாட்டாமல் மணலில் கிடக்கும் ஒரு உடம்பு.

சாய்ந்தமருதில் அவனுக்கு 'நோன்புக் கலந்தர்' என்று பட்டம். வருடம் முழுவதும் குடித்துத் தள்ளாடுகிறவன், நோன்பு மாதம் பிறந்துவிட்டால் தங்கக் கட்டி. கரைவலை இழுத்துக் கிடைப்பதை அவள் கையில் கொண்டுவந்து வைப்பான். கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுப்பான். அவள் சொன்னதற்கெல்லாம் குழந்தையைப் போலச் சிரிப்பான். அந்த ஒரு மாதத்தை நினைத்துத்தான் அந்தப் பேதை மற்ற மாதங்களையெல்லாம் ஓட்டினாள்.

"சீதன வீடு உன்ர வீடுதானே புள்ள. படியிறக்கி உடு அவனை" என்று அவளுடைய கூடப்பிறந்த காக்காமார் சொல்லாத நாளில்லை.

"நோன்பு வரட்டும் காக்கா" என்பாள். நோன்பு வந்தால், "பெருநாள் போகட்டும் காக்கா" என்பாள்.

ஊர்ப் பெண்களெல்லாம் பெருநாள் பிறையைக் காணத் துடிக்க, அவள் மட்டும் முந்தானைக்குள் கையேந்தி, 'யா அல்லாஹ், இன்னும் ஒரு நாள்' என்று கெஞ்சுவாள்.

அந்த ஐம்பத்து நான்காம் ஆண்டு நோன்பில் ஊரின் சிறு தொழுகைக் கூடமான தைக்காவில் ஒரு புதுமை நடந்தது. அங்கே மார்க்கம் சொல்லிக்கொடுக்கும் பதியுதீன் லெவ்வை, இரவுத் தறாவீஹ் தொழுகை முடிந்ததும், குடியை விட நினைத்தவர்களை வட்டமாக இருத்தினார். எல்லாரும் ஒரே குரலில் பாவமன்னிப்புக் கேட்டுத் தௌபாச் சொன்ன பிறகு, கையில் ஆளுக்கொரு சிலேட்டைக் கொடுத்தார். "நாக்கைக் கட்டிப் போட்டா அறுத்துக்கொண்டு ஓடும். அதுக்கொரு வேலை குடுக்கோணும்" என்றார். மீசை நரைத்த மனிதர்கள் குனிந்திருந்து எழுத்துக் கூட்டினார்கள். அவர் கற்பித்த முதல் சொல் 'வலை'.

கலந்தர் கரைவலையில் அம்பா பாடுகிறவன். அவன் முதலடி எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் கயிற்றை இழுப்பார்கள். எழுத்துகளையும் அவன் அதே ராகத்தில் இழுத்து இழுத்துக் கரை சேர்த்தான். வீட்டுச் சுவரில் கரியால் 'வலை' என்று எழுதி வைத்தான். பெருநாளைக்குச் சுண்ணாம்பு பூசியபோது ஸுலைஹா அந்த ஒரு சொல்லைச் சுற்றிப் பூசினாள்.

பெருநாள் இராவில் ஒவ்வொருவரும் தன் வீட்டாருக்குப் பாடம் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது லெவ்வையின் கட்டளை. வாசிப்பான் என்று அவளும் நம்பியிருந்தாள். ஆனால் இதோ, பெட்டி திறந்துவிட்டதே!

கண்ணீரைக் கணவன் காணக்கூடாதென்று, கொடியில் கிடந்த உடுப்பை எடுக்கும் சாட்டில் பின்வளவுக்குப் போனாள். கச்சான் காற்று வயல் பக்கமிருந்து வீசியது. மேற்கே முழுக்க மேகம். ஈரச் சேலையை இழுத்தபோது மேகத்தில் ஒரு கிழிசல் விழுந்தது. அதற்குள், தறியிலிருந்து தப்பிய வெள்ளி இழை போல, பிறை.

அவளுக்கு ஒரு கனவு தன்னை எட்டிப் பார்ப்பது போல இருந்தது. பிறை கண்டால் ஓதும் துஆ நாக்கின் நுனிவரை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். மேகம் மூடிக்கொண்டது.

தெருவில் ஆண்கள் கூடி நின்றார்கள். "தெரியிதா?" "எங்கடா, உன்ர மொட்டைத் தலையைத் தவிர ஒண்டும் தெரியல்ல!" என்று சிரிப்பு. கல்முனைப் பக்கம் ஆளனுப்பிக் கேட்டும் கண்டவர் எவருமில்லை. நகரா முழங்கவில்லை.

உள்ளறையில் பெட்டி மூடப்படும் ஓசை கேட்டது.

"பிறை இல்லையாம் புள்ள. நாளைக்கும் நோன்புதான்" என்று சொல்லிவிட்டுக் கலந்தர் தொழுகைக்கு நடந்தான். ஸுலைஹா தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு நாள் கிடைத்துவிட்டது. ஆனால் யாரிடமிருந்து களவெடுத்தாள்? படைத்தவனிடமிருந்தல்லவா!

விடியுமுன் அவனுக்குச் சோறு போட்டாள். தனக்கு நோன்பு நிய்யத்து வைக்க அவளுக்கு நாவெழவில்லை. பெருநாளன்று நோன்பு பிடிப்பது ஹறாம். கண்டவளுக்கு இன்று பெருநாள். நெடுநேரம் பொறுத்துப் பார்த்தாள். நடுப்பகல் லுஹருக்குச் சற்று முன், கிணற்றடியில் சிரட்டையில் தண்ணீர் வார்த்துக் குடித்தாள். தலையை நிமிர்த்தினால், வலையிலிருந்து திரும்பிய கலந்தர் எதிரே நிற்கிறான்.

அவன் பார்க்காதவன் போல முகத்தைத் திருப்பினான். "பொம்புளைகளுக்கு உள்ளதுதானேகா. குடி, குடி" என்றான்.

மாதத்தில் பெண்ணுக்கு வரும் அந்தச் சாட்டே அவளைக் காப்பாற்றப் போதுமானது. ஆனாலும் அவள் நெஞ்சு உடைந்தது.

"அது இல்லங்க. நேத்து நான் பிறையக் கண்டன்."

"என்னகா சொல்ற? கண்டா ஏன் சொல்லல்ல? ஊரே கழுத்து முறிய மேல பாத்துக்கொண்டு நிண்டிச்சே!"

"நகரா அடிச்சா நீங்க போயிருவீங்க."

கலந்தர் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டான். அலைக்கு நடுவே தோணி பிளந்தவனைப் போல அவன் முகம் வெளிறிப்போயிற்று. "எனக்குப் பயந்தா... அல்லாஹ்ட பிறையையே ஒளிச்ச?" என்று கேட்டான்.  அவள் தோள்கள் குலுங்கின. அவன் எழுந்து நடந்தான். தவறணை இருக்கும் திசையா, தைக்கா இருக்கும் திசையா என்று பார்க்கவும் அவளுக்குத் துணிவில்லை.

பிற்பகல் அஸருக்கு முன் திரும்பி வந்தான். கண்கள் சிவந்திருந்தன. வாயில் கள்ளு மணமில்லை.

"லெவ்வையிட்டக் கேட்டன். பெருநாள் பிறைக்கு ஒரு பொம்புளைர சாட்சி ஊருக்குப் போதாதாம். நீ சொல்லியிருந்தாலும் நகரா அடிச்சிருக்க மாட்டாங்களாம். ஊர்ட நோன்பு உன்னால கெடல்ல புள்ள, அழாத."

"மறுகா என்ன சொன்னார்?"

"கண்டவளுக்கு அது போதுமாம். அவளை நம்புறவனுக்கும் போதுமாம்." கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தான். "ஏன் ஒளிச்சாள் எண்டு மட்டும் அவர் கேக்கல்ல. என்ர முகத்தப் பாத்தார், சும்மா இருந்துட்டார்." பிறகு கையை நீட்டினான். "தண்ணி தா."

"என்னங்க?"

"நீ கண்ட எண்டா கண்டதுதான். எனக்கும் இண்டைக்குத்தான் பெருநாள்."

அதே சிரட்டையில் வாங்கிக் குடித்தான். ஊர் முழுக்க நோன்பில் அயர்ந்து கிடந்தது. தறிகளின் சத்தமில்லை, கடலுக்கும் இரைச்சலில்லை. யாருமறியாமல் ஒரு பெருநாள் அந்த ஒரே வீட்டுக்குள் மட்டும் இறங்கியிருந்தது. உள்ளறையில் றங்குப்பெட்டி கிறீச்சிட்டது. பழைய நடுக்கம் ஒருகணம் அவள் முதுகில் ஓடியது. பெருநாள் சாரனை உடுத்துக்கொண்டு வந்து அவளுக்கு முன்னால் சம்மணம் கொட்டி உட்கார்ந்தான் அவன். நோன்பு திறக்க வைத்திருந்த பேரீச்சம்பழத்தை இருவரும் பாதி பாதியாகத் தின்றார்கள். பிறகு லெவ்வை எழுதிக் கொடுத்த பாடத் தாளை விரித்தான். 'வலை கடலில். கடல் கருணையில்.' ஒவ்வோர் எழுத்தாக இழுத்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவளுக்கு, தான் விழித்திருக்கிறாளா என்றே சந்தேகமாயிருந்தது.

மஃரிபோடு நகரா முழங்கியது. சிறுவர்கள் கூவிக்கொண்டு ஓடினார்கள். கூடவே வேலிக்கப்பால் அந்தச் சீழ்க்கை. இம்முறை மசூர் வாசலுக்கே வந்துவிட்டான்.

"டேய் நோன்புக் கலந்தர்! உன்ர நோன்பு விலங்கு கழண்டு போச்சிடா, வா. சாரனும் உடுத்து ரெடியாத்தான் நிக்கிறாய்!"

கலந்தர் எழுந்து வாசலுக்குப் போனான். ஸுலைஹா அசையவில்லை.  அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். எதிரே இருட்டில் தென்னோலைகள் சரசரத்து அழைத்தன.

"என்னடா யோசனை? எழுத்துப் படிக்கிறியாமே. டீ.ஆர்.ஓ. உத்தியோகமா தரப் போறாங்க?"

"மசூர்," என்றான் கலந்தர்.  "எனக்குப் பெருநாள் வந்து போயிட்டு மச்சான்."

"பேயா பிடிச்ச உனக்கு? இப்பதானே நகரா அடிச்ச!" மசூர் உள்ளே எட்டிப் பார்த்தான். "மச்சி, இவனுக்கு என்னத்தக் குடுத்த நீ?"

"தண்ணிதான் குடுத்தன்" என்றாள் ஸுலைஹா.

மசூர் சிரிக்க வாயெடுத்தான். கலந்தரின் கன்னத்தில் ஈரத்தைக் கண்டதும் சிரிப்பு பாதியில் நின்றது. அவனுக்கும் வீட்டில் ஒருத்தி இருந்தாள். 

"நாளைக்குத் தொழுகைக்கு வா. மறுகா தைக்காவுக்கும் வா" என்றான் கலந்தர்.

"எழுத்தெல்லாம் எனக்கு ஏறாதுடா."

"வலை எண்டு எழுதப் பழகு. மிச்சத்த நான் இழுத்துத் தாறன்."

"பாப்பம்" என்று முணுமுணுத்துவிட்டு மசூர் படியிறங்கினான். வேலிக் கடப்பு திறந்து மூடியது. மணலில் அவன் காலடி எந்தப் பக்கம் போகிறதென்று இருவரும் செவிகொடுத்துக் கேட்டார்கள். கடல் இரைச்சலில் அது தெரியவில்லை.

மற்றப் பெருநாள் இராக்களிலெல்லாம், போனவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்று, அவள்தான் கதவைச் சாத்துவாள். இன்றும் பழக்க தோஷத்தில் எழுந்து வந்தாள். அதற்குள் கலந்தர் உள்ளே நின்றபடி கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டான். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.