கழுகுக்குக் கீழே ராவிய இடம்

வில்லியனூர் கடைத்தெருவில் பாத்திரக்கடை நடத்துகிறவள் நான். எவர்சில்வர் குடம், குத்துவிளக்கு, சீர்வரிசை செட் எல்லாம் கிடைக்கும். அதோடு, இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் ராணுவ அதிகாரிகள் விழா நாட்களில் இடுப்பில் தொங்கவிட்ட குறுவாள் அசலா நகலா என்று யாருக்காவது சந்தேகம் வந்தால், இந்த வட்டாரத்தில் அதைச் சொல்லவும் நான்தான் இருக்கிறேன். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். தற்பெருமைதான்.

பழைய பித்தளையை எடைக்கு எடுக்கும்போது, டவுனில் ஏதோ பங்களாவைக் காலி செய்த மூட்டையில் முதல் வாள் வந்தது. உருக்கப் போட மனசு வரவில்லை. அது என்னவென்று படிக்கப் போய் எனக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. இன்று பீரோவில் புடவைகளைவிட அவைதான் பத்திரமாக இருக்கின்றன. வீட்டுக்காரர் ஒருநாள் அதில் ஒன்றை எடுத்து வெங்காயம் நறுக்கிப் பார்த்தார். வெங்காயம் நசுங்கியது. அலங்கார வாளுக்குப் பதம் கிடையாது, எல்லாம் மிடுக்குக்குத்தான்.

"இன்னாடி இது, இதுக்கா இம்மா அலப்பறை?" என்றார்.

அதை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தவர்கள் மேல் எனக்கு எள்ளளவும் மரியாதை கிடையாது. செய்த கைகள் மேல் உண்டு. கைப்பிடியையும் உறையையும் பார்த்தால் பாத்திரக்காரிக்கு அது புரியும்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் பாகூரிலிருந்து ஒரு பெரியவர் கரும்புக் கட்டோடு கடைக்குள் வந்தார். கரும்பு வாங்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கட்டைப் பிரித்து நடுவிலிருந்து ஒரு குறுவாளை உருவினார். பஸ்ஸில் போலீஸ் பார்த்தால் வம்பு என்று அப்படிச் சொருகிக்கொண்டு வந்தாராம்.

"எங்கப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா, அதான் சிப்பாயா, இருந்தாரும்மா. ஜெர்மனில சண்ட போட்டப்ப இத்த எடுத்தாந்தேன்னு சொல்லுவாரு. டவுன்ல பழைய சாமான் விக்கிறவரு ஒருத்தரு பாத்துட்டு, சண்டே மார்க்கெட் டூப்ளிகேட்டுன்னுட்டாரு. அதுலேந்து தாத்தா உட்டதெல்லாம் ரீலுன்னு எம் பசங்க சிரிக்கிறானுங்க. நான் இத்த விக்க வரல. எங்கப்பா சொன்னது நெசமா பொய்யா, அத்த மட்டும் சொல்லு."

வாங்கிப் பார்த்ததும் எனக்கும் முகம் சுருங்கியது. வருடா வருடம் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து நேற்று வாங்கியதைப் போலப் பளபளவென்று இருந்தது. அந்தக் கால வாளுக்கு இருக்க வேண்டிய மங்கலே இல்லை. கைப்பிடியைக் கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து மூக்கருகே கொண்டுபோனேன். சூடத்தின் வாசனை.

"பூஜ ரூமுல இருந்ததும்மா, அதான்" என்றார் பெரியவர்.

அவர் சொன்னது புகை வாசனை. இது அப்போதுதான் பிரித்த சூடக்கட்டியின் வாசனை. அந்தக் காலத்துக் கைப்பிடிகளைப் போர்த்திய செல்லுலாய்டில் சூடம் சேர்ப்பார்கள், தேய்த்தால் இன்றைக்கும் வரும். நகலில் வெறும் பிளாஸ்டிக்தான். மேல் குமிழைத் திருகிக் கழற்றிக் கைப்பிடியை உருவினேன். புளி எட்டாத இடத்தில் இரும்பு சாம்பல் நிறத்தில், வயசுக்கு ஏற்றபடி இருந்தது.

டவுன்காரர் நகல் என்று சொன்னதற்குக் காரணம் வேறு. குறுக்குப் பட்டையில் சிறகு விரித்த கழுகு இருந்தது. அதன் காலடி வளையத்துக்குள் இருக்க வேண்டிய ஸ்வஸ்திக் இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அரத்தால் ராவிய கோடுகள், கோபமாக, ஒரே பக்கமாக. எனக்குச் சிரிப்பு வந்தது. நகல் அடிக்கிறவன் எதை விட்டாலும் அந்தச் சின்னத்தை விடமாட்டான், அதற்குத்தானே விலை!

"இத்த யாரு ராவினது?" என்று கேட்டேன்.

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். டவுன்காரரிடம்கூட இதை அவர் சொல்லவில்லையாம்.

"எங்கப்பாதாம்மா. நான் அப்ப சின்னப் பையன். ஆயுத பூஜைக்கு அம்மா பெட்டியிலேந்து இத்த எடுத்துத் தேச்சி, சாமி சின்னம் இருக்குதேன்னு அதும் மேல சந்தனம் குங்குமம் வெச்சிச்சு. அப்பா பாத்தாரு பாரு, இது சாமியில்லடின்னு கத்துனாரு. அம்மாவ அவரு திட்டி நான் பாத்தது அந்த ஒரு தபாதான். அரத்த எடுத்துக்கினு ஒக்காந்து ராவிட்டாரு. சாமி குத்தம் ஆயிடும்னு அம்மா ஒரே அழுவ. இன்னாத்துக்கு அப்டி செஞ்சாருன்னு கடசி வரிக்கும் சொல்லவேயில்ல."

நம் வீடுகளில் வாசலில் கோலமாகப் போடுகிற சின்னம்தான். ஆனால் ஜெர்மனியில் அதைக் கொடியில் தைத்துக்கொண்டவர்கள் பிள்ளைகுட்டி என்று பார்க்காமல் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள் என்று அவருக்குச் சொன்னேன். பாகூரில் உட்கார்ந்துகொண்டு கதை விடுகிறவருக்கு அதைப் பார்த்து ஏன் ஆத்திரம் வரவேண்டும்? அங்கே போய்க் கண்ணால் கண்டவருக்குத்தான் அப்படி ராவக் கை வரும்.

"அப்ப, அவரு போனாரு" என்றார்.

"போனாருங்கய்யா. வாளும் அசல், அவரும் அசல்."

பெரியவர் அங்கேயே மகனுக்கு போன் போட்டார். "டேய், இந்தம்மா சொல்றத கேளு" என்றார். போனை என்னிடம் நீட்டினார். டிபன் கேரியர் வாங்க வந்தவர்களும் கேட்கட்டும் என்றே நான் குரலை உயர்த்தி, சூட வாசனையிலிருந்து அரம் ராவிய கோடுவரை ஒன்று விடாமல் சொன்னேன். அத்தனை வருடம் படித்ததெல்லாம் இதற்குத்தான் என்று எனக்குத் தோன்றியது. முடித்ததும் மகன், "அப்பாகிட்ட குடுங்கக்கா" என்றான்.

பெரியவர் காதில் வைத்து "உம், உம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கார எடுத்துக்கினு வர்றானாம்மா" என்றார். "தாத்தாவ பஸ்ஸுல கொண்டாற வேணாங்கிறான்."