ஒரு வண்டிக்கு ஒருவர்தான்

பள்ளிக்குக் கிளம்பும்போது ஒரு நாள் செருப்பு காலில் ஏறவில்லை. இரண்டு பாதங்களும் வீங்கியிருந்தன. நின்றுகொண்டே கணக்குப் பாடம் எடுப்பதால் வந்தது என்று ஒரு மாதம் ஓட்டினேன். பரிசோதித்தபோது கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) பல மடங்கு கூடியிருந்தது. நாற்பத்திரண்டாம் வயதில் டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரித்தல்) தொடங்கியது. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம்.

சில மாதங்களில் கொரோனா ஊரடங்கு வந்தது.

எங்கள் வீடு மராட்டி பேசும் ஊரில், கோர்படி என்ற பகுதியில். என் கணவர் செல்வம் ஸ்கூட்டரில் என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவார். முதல் வாரமே தடுப்புக் கட்டைக்குப் பின்னால் நின்ற போலீஸ்காரர் மறித்தார். ஒரு வண்டிக்கு ஒருவர்தான், அதுதான் உத்தரவு. "மேடம் தனியா ஓட்டிட்டுப் போகட்டும். நீங்க திரும்பிப் போங்க" என்றார் இந்தியில்.

டயாலிசிஸ் முடிந்ததும் எனக்கு இரத்த அழுத்தம் இறங்கிவிடும். எழுந்து நிற்பதே பாடு. செல்வம் என் மருத்துவக் கோப்பைத் திறந்து காட்டினார். போலீஸ்காரர் பார்க்கவில்லை.

செல்வம் தமிழில் மெதுவாகச் சொன்னார்: "வா, வேற வழியா போலாம். இவங்ககிட்ட வாதாட முடியாது."

நான் வண்டியிலிருந்து இறங்கி, தடுப்புக்கு முன்னால் சாலையிலேயே உட்கார்ந்தேன். "இன்னைக்குப் போகலைன்னா நாளைக்கு நுரையீரல்ல தண்ணி ஏறும். 'இவங்களைத் திருப்பி அனுப்பினது நான்தான்'னு எழுதி, உங்க பேரைப் போட்டுக் கையெழுத்துப் போடுங்க. நான் போயிடுறேன்" என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில்.

அவர் என் வீங்கிய கால்களைப் பார்த்தார். பிறகு கட்டையை நகர்த்தினார்.

கட்டுப்பாடுகளே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொற்று வந்தால் முதலில் சாகக்கூடியவர்கள் நாங்கள்தான். ஆனால் அந்த உத்தரவை எழுதியவருக்கு எங்கள் நினைவு வரவில்லை. நினைவூட்ட வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு தடுப்பூசி வந்தது. எனக்கு நாற்பத்து மூன்று. வரிசையோ நாற்பத்தைந்துக்கு மேற்பட்டவர்களுக்கு. மையத்துக்குப் போனேன். நர்ஸ் திரையை என் பக்கம் திருப்பினார். "நான் என்ன பண்ணட்டும்? உங்க வயசைப் போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது."

என் பக்கத்துப் படுக்கையில் கணேஷ் இருந்தார். ஆட்டோ ஓட்டியவர், முப்பத்தொன்பது வயது. இயந்திரம் ஓடும்போது மராட்டியில் நகைச்சுவை சொல்லிச் சிரிக்கவைப்பார். ஏப்ரலில் அவருக்குத் தொற்று வந்தது. ஒரு சனிக்கிழமை அவர் படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார். கணேஷ் இனி வரமாட்டார் என்பது அதிலேயே புரிந்தது.

அடுத்த முறை, வயதைப் பார்க்காமல் எங்களுக்குத் தடுப்பூசி போடுங்கள் என்று எழுதிய ஒரு தாளோடு டயாலிசிஸுக்குப் போனேன். எங்கள் பிரிவில் இருந்த எட்டுப் பேரும், டயாலிசிஸ் ஊசி குத்தாத கையால், அதில் கையெழுத்திட்டோம். அதை மாநகராட்சியின் வார்டு அலுவலகத்தில் கொடுத்தேன். பதில் இல்லை. மீண்டும் போனேன். நான்காம் முறை அதிகாரி எரிச்சலோடு, "எல்லாருக்கும்தான் அவசரம்" என்றார். "எல்லாரும் வீட்டுல இருக்கலாம் சார். நாங்க வாரம் மூணு நாள் ஆஸ்பத்திரியில இருக்கோம்" என்றேன்.

வயது வரம்பு தளர்ந்த பிறகுதான் வழி பிறந்தது. அப்போதும் கைப்பேசிப் பதிவில் தடுப்பூசிக்கான இடங்கள் சில நொடிகளில் தீர்ந்துவிடும். எங்கள் எட்டுப் பேருக்கென்று ஒரு காலை நேரத்தை அந்த அதிகாரியே ஒதுக்கித் தந்தார். மகிழ்ச்சியாக இல்லை. ஒன்பதாவது ஆளாகக் கணேஷ் வந்திருக்க வேண்டும்.

இதே நோயோடு இதைப் படிப்பவருக்கு: விதியைச் சொல்லி அனுப்பினால் உடனே திரும்பாதீர்கள். எழுதிக் கேளுங்கள்.

என் சிறுநீரகங்கள் மீளவில்லை. நாளுக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை இப்போது உடம்பே சொல்லிவிடுகிறது. ஆண்டுக் கணக்கில் யோசிப்பது போய்விட்டது. ஒரு டயாலிசிஸிலிருந்து அடுத்தது வரை ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது.

போன வாரம் தலைமையாசிரியை தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பத்தாம் வகுப்பு... அடுத்த மார்ச் வரைக்கும் உங்களால முடியுமா?"

"செவ்வாய், வியாழன், சனி மதியத்துக்கு மேல வேண்டாம் மேடம்," என்றேன். "மத்த பீரியடெல்லாம் எனக்கே போடுங்க."