நாலு வரி லோடு மெசேஜ்

விருதுநகர்க் கல்லூரி ஒன்றில் நான் இலக்கியக் கோட்பாடு நடத்துகிறேன். என் வீட்டுக்காரர் சிவகாசியில் லாரி புக்கிங் ஆபீசில் இருக்கிறார். பட்டாசு லோடு ஏற்றப் போகும் டிரைவர்களுக்கு தினமும் காலையில் வாட்ஸப் குரூப்பில் அவர்தான் மெசேஜ் போடுவார்.

நாலு வரிதான். போனைத் திறக்காமலே மேலே தெரிகிற அளவு. அதற்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். மூன்று வரி வேலை. கடைசி வரி அவர் இஷ்டம்.

“ஏழாயிரம்பண்ணை ரோட்டுல ஜல்லி கொட்டியிருக்கு.
திருத்தங்கல் ரயில்வே கேட்டுல கூட்டம்.
ஆனைக்குட்டம் பக்கம் மேகம், தார்ப்பாய் எடுத்துக்கோங்க.
வீட்ல கோவிச்சிருந்தா பேசிட்டுக் கிளம்புங்க.”

அந்தக் கடைசி வரி பல நாள் எனக்கானது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

போன சீசனில் அவருக்குக் காய்ச்சல். கண்ணைத் திறக்க முடியாமல் படுத்திருந்தார். ஒன்பது மணிக்கு அவர் போனில், அந்தக் குரூப்பில், ஒரு டிரைவரின் மெசேஜ் வந்தது. “அண்ணனக் காணோம், நானே போடுதேன்” என்று சொல்லிவிட்டு, அடுத்ததாக நாலு வரி எழுதியிருந்தார். மூன்றில் ரோடும் மழையும். கடைசி வரி: “மக பெரிய பள்ளிக்கூடம் போறா, இன்னைக்கு அந்தப் பக்கம் ஹாரன் அடிக்காம போவேன்.”

மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். ஒவ்வொன்றையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

“அஞ்சு வரி வருதே ஒண்ணுல” என்றார் போர்வைக்குள்ளிருந்து.

“காய்ச்சல்லயும் எண்ணிக்கிட்டா இருக்கீக மச்சான்?”

“நாலுதான் சரி.”

கஞ்சி ஆற்றிக்கொண்டே யோசித்தேன். சமூகம் மாறும்போது இலக்கிய வடிவம் மாறும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். யாரோ ஒருவர் தன் வசதிக்கு ஒன்றைச் செய்கிறார். அதுவரை அது அவருடைய பழக்கம்தான். இரண்டாவது ஆள் அதில் தன் மகளைப் பற்றி எழுதுகிறபோது, அடுத்தவர் எழுதியதில் வரி கூடிவிட்டது என்று முதல் ஆளுக்கு உறுத்துகிறபோது, அது வடிவமாகிவிடுகிறது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. படித்தும் புரியாமல் போயிருக்கலாம்.

மறுவாரம் வகுப்பில் அந்த மெசேஜ்களை வாசித்தேன்.

“இது இலக்கியமா மேடம்?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

“தெரியலம்மா. ஆனா எழுதினவரு கடைசி வரிக்குக் கொஞ்ச நேரம் யோசிச்சிருப்பாரு.”

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

உடம்பு தேறியதும் என் வீட்டுக்காரர் முதலில் எழுதிய அந்த டிரைவரைக் கூப்பிட்டார். “வெள்ளிக்கிழமை மட்டும் நீ போடுப்பா, எனக்குத் தொழுகை வேல இருக்கு” என்றார். தொழுகை மதியம்தான். இப்போது வெள்ளிக்கிழமை காலைகளில் டீயைக் கூடத் தொடாமல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.